ஆறு செங்கல்

மூன்றாம் நம்பர் லயம்,
கீழ்ப்பிரிவு, குருவிட்ட.
05.01.1997

அன்புத் தங்கச்சி கலாவுக்கு,

அக்கா பிரேமலதா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை பிரதீபனும் சசிக்குட்டியும் அந்தக் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க முருகன் துணை. நீ கடிதம் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. உங்கள் ஊர் தபால்காரனும் ஸ்ட்ரைக்கில் இருக்கிறானா?

நான் சுகம். அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. ஆகஸ்ட் மழையில் ரப்பர் பால் வாளியோடு சரிவில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டி வந்ததும் எழும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஐந்து மாதமாகிறது, படுத்த படுக்கைதான். இப்போது இரண்டு காலும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரி லாபிர் ஐயா வந்து பார்த்தார். "இருதயம் களைச்சுப் போச்சு லதா, அதுதான் தண்ணி கால்ல தங்குது. தலைக்கு ரெண்டு தலகாணி வைச்சு உசத்திப் படுக்க வையி. உப்பக் கொறை" என்றார். சிறுநீர் போக வெள்ளைக் குளிசையும் தந்தார். தலையணை வைத்தாயிற்று. உப்பில்லாத சோற்றை அப்பா தட்டோடு தள்ளிவிடுகிறார். பொல்லாத பிடிவாதம், உனக்குத்தான் அது அப்படியே வந்திருக்கிறது.

நான் விடிய வெட்டுக்குப் போய்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்வரை லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுச் சின்னம்மா பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் வயது போய்விட்டது, அப்பாவைத் தனியாகப் புரட்ட முடியாது.

நீ ஏப்ரல் இருபத்தாறு வருகிறாய் என்று டிக்கெட் எடுத்த நாளில் இருந்து அப்பாவுக்கு ஒரே யோசனைதான். பேத்தி பஸ்ஸை விட்டு இறங்கும்போது தான் சந்தியில் நிற்க வேண்டுமாம். "மொத மொதல்ல என்னைப் பாயிலயா பாக்கும் அந்தப் புள்ள?" என்று கேட்கிறார். உன் போன் நம்பர் எழுதிய துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

நீ ஆஸ்பத்திரி வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னாயே, சேர்ந்தாயா? அங்கே இந்தக் கால் வீக்கத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுது. மறக்காதே.

அன்பு அக்கா,
பிரேமலதா


பிரான்ஸ்
26.01.1997

என் ஆசை அக்காவுக்கு,

கலா எழுதுகிறேன். ஏசாதீர்கள். சசிக்கு அம்மை போட்டு, அது ஆறியதும் பிரதீபனுக்குப் போட்டு, வீடே வேப்பிலை இல்லாத மாரியம்மன் கோயிலாகக் கிடந்தது. இப்போது எல்லோரும் சுகம்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். வெள்ளை உடுப்புத் தந்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது. இது சாதாரண ஆஸ்பத்திரி இல்லை அக்கா. ராக்கெட்டில் போகிறவர்களுக்காக ஆராய்ச்சி செய்கிற இடம். பன்னிரண்டு பேர், எல்லோரும் ஆம்பிளைகள், நாற்பத்திரண்டு நாள் படுத்த படுக்கை. சாப்பாடு, குளிப்பு, ஒன்றுக்கு இரண்டுக்கு எல்லாம் படுத்துக்கொண்டுதான். சாப்பிடும்போதுகூடத் தலையைத் தூக்கக் கூடாது, தூக்கினால் பெரிய டொக்டர் ஓடி வருவார். கட்டிலைப் பார்க்க வேண்டுமே! கால்மாடு ஒரு சாண் உயரம், தலைமாடு பள்ளம். முதல் நாள் நான் கட்டில் கால் உடைந்துவிட்டது என்று ஓடிப்போய்ச் சொன்னேன். எல்லோரும் சிரித்த சிரிப்பில் எனக்கு முகம் சிவந்துவிட்டது.

இங்கே ஸாஹிரா என்று ஒருத்தி சமையல்கட்டில் இருக்கிறாள். காரைக்கால்காரி, நல்ல தமிழ். அவள்தான் விளக்கம் சொன்னாள். ராக்கெட்டில் மேலே போனால் உடம்புக்குப் பாரமே இல்லையாம். காலில் இருக்கிற தண்ணீரெல்லாம் தலைப்பக்கம் ஏறிவிடுமாம். அதே மாதிரி ஆகத்தான் இந்தக் கட்டில். உண்மைதான், நாலே நாளில் அவர்கள் கால் கொக்குக் கால் மாதிரி மெலிந்துவிட்டது. முகம் உப்பி, மூக்கடைத்து, தலையிடி என்று முதலில் புலம்பினார்கள். ஒரு கிழமையில் அதெல்லாம் சரியாகிவிட்டது. இப்போது படுத்துக்கொண்டே சீட்டு விளையாடுகிறார்கள். எலும்பில் இருக்கிற சுண்ணாம்பு கரையாமல் இருக்கப் பாதிப் பேருக்கு ரப்பர் பட்டி கட்டிக் கால் இழுக்கிற பயிற்சியும் உண்டு.

அப்பாவையும் படுத்தபடியே காலை நீட்டி மடக்கச் சொல்லுங்கள். சும்மா கிடந்தால் எலும்பு உளுத்துப்போகும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். வீக்கத்தைப் பற்றி டொக்டரிடம் கேட்க எனக்கு இன்னும் அவ்வளவு பாஷை வரவில்லை. கேட்டு எழுதுகிறேன்.

சசி உங்கள் படத்தைக் காட்டினால் "பெரிம்மா" என்கிறாள். அப்பா படத்தைக் காட்டினால் ஒளிந்துகொள்கிறாள், மீசைக்குப் பயம். மீசையைக் கொஞ்சம் வெட்டி வைக்கச் சொல்லுங்கள்.

முத்தங்களோடு,
கலா


குருவிட்ட
21.02.1997

அன்புத் தங்கச்சி கலாவுக்கு,

உன் கடிதம் பதினாலாம் திகதி கிடைத்தது. உனக்கு எவ்வளவு புண்ணியம் என்று எப்படி எழுதுவேன்! கடிதத்தை அப்பாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். மறுநாளே இடிந்த கக்கூஸ் சுவரில் இருந்து ஆறு செங்கல் எடுத்து வந்து கழுவி, கால்மாட்டில் ஒரு காலுக்கு மூன்றாக அடுக்கினோம். சாண் வைத்து அளந்தேன், சரியாக இருந்தது. தலையணை இரண்டையும் எடுத்துவிட்டேன்.

கலா, நம்பவே மாட்டாய். மூன்றாம் நாளே வீக்கம் வடியத் தொடங்கிவிட்டது. இன்று ஏழாம் நாள், கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிகிறது. அப்பா தன் காலைத் தானே பார்த்து, "இதுதான்டி என் காலு, போன வருசம் காணாமப் போனது" என்கிறார். லயமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. எல்லோரிடமும் "எம் மக நர்சு. ராக்கெட்டுல போறவனுக்கும் எனக்கும் ஒரே கட்டில்தான்" என்று பெருமை தாங்கவில்லை.

நீ எழுதியபடியே முகம் உப்பி, மூக்கடைத்துக்கொண்டது. அதனால் நாங்கள் பயப்படவில்லை. ஆனால் ஒரு கிழமையில் சரியாகும் என்றாய், இன்னும் ஆகவில்லை. இருமலும் கூடியிருக்கிறது. படுக்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, தலையைத் தூக்கிவிடு என்று கெஞ்சுகிறார். சாப்பிடக்கூடத் தூக்கக் கூடாது என்று நீ எழுதியிருக்கிறாயே, அதனால் நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கவில்லை. நேற்று கோபத்தில் என் கையைக் கடித்துவிட்டார். வயதான ஆளுக்குச் சரிவர இன்னும் நாலைந்து நாள் கூட எடுக்கும்தானே?

லாபிர் ஐயாவுக்குச் சொல்லவில்லை. தான் சொன்ன தலையணையை எடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் ஏசுவார். இத்தனை நாள் அவர் சொன்னபடி செய்து என்ன கண்டோம்? அவர் மாதக் கடைசியில்தான் லயத்துக்கு வருவார். அதற்குள் அப்பா உட்கார்ந்துவிட்டால் அவரே வாயைப் பொத்திக்கொள்வார்.

கலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடு போடுகிறேன். மார்ச் இருபத்தெட்டோடு நாற்பத்திரண்டு நாள் முடிகிறது. பிறகு நடந்து பழக முழுதாக ஒரு மாதம் இருக்கிறது. சந்திக்கு வந்துவிடுவார். மீசையும் வெட்டியாயிற்று.

உன் அக்கா,
பிரேமலதா


பிரான்ஸ்
05.03.1997

அக்கா,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. கல்லை எடுத்துவிடுங்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் எடுத்திருப்பீர்கள், ஏனென்றால் பஜாரில் ஹபீலாவின் கொமியூனிகேஷன் கடைக்குப் போன் எடுத்துவிட்டேன். மூன்று தரம் லைன் வெட்டுப்பட்டு நாலாம் தரம் கிடைத்தது. கட்டிலுக்குக் கீழே இருக்கிற கல்லை உடனே எடுக்கச் சொல், தலையை உயர்த்திப் படுக்க வைக்கச் சொல் என்று இரண்டு முறை சொன்னேன். யாரையாவது மேலே அனுப்புகிறேன், முடியாவிட்டால் விடிந்ததும் தானே போகிறேன் என்றாள்.

அக்கா, அது வைத்தியம் இல்லை. அங்கே படுத்திருந்தவர்கள் நோயாளிகளே இல்லை. ஓட்டப்பந்தயக்காரர் மாதிரி நல்ல சுகமான ஆம்பிளைகளைத் தேடிப் பிடித்து, பரிசோதித்து, அதற்குப் பிறகுதான் படுக்க வைக்கிறார்கள். ராக்கெட்டில் போனால் உடம்பு எப்படிக் கெட்டுப்போகும் என்று பார்ப்பதற்காக, தரையிலேயே அவர்கள் உடம்பைக் கெடுக்கிறார்கள். கால் மெலிவது சுகமாவது இல்லை, சதை கரைவது. இருதயம்கூடச் சோம்பேறியாகிவிடுமாம். அதைத் தடுக்க வழி தேடித்தான் இவ்வளவு பாடும். இதை நான் எழுதவில்லை. நீங்கள் இப்படிச் செய்வீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் கடிதத்தை ஸாஹிராவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் என்னை இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனாள். இருதயம் களைத்தவருக்குக் காலில் நிற்கிற தண்ணீரை மேலே ஏற்றினால் அது நெஞ்சுக்குள் போய்ச் சுவாசப்பையில் நிறையுமாம். தண்ணீருக்குள் முங்கின மாதிரி மூச்சுத் திணறுமாம். லாபிர் ஐயா சொன்னதுதான் சரியாம். அவரை உடனே கூப்பிடுங்கள். காலில் விழுந்தாவது கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸ் இல்லை. தரை துடைக்கிறேன், மூத்திரப் போத்தல் கழுவுகிறேன். பொய் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் அப்படி நினைப்பது தெரிந்தும் சும்மா இருந்தேன். வெள்ளை உடுப்பைப் பற்றி எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பா எப்படி இருக்கிறார்? என் நம்பர் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. ஹபீலா கடையில் இருந்து ஒரு நிமிடம் பேசுங்கள். நான் போனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன்.

கலா


குருவிட்ட
20.03.1997

கலா,

அப்பா பெப்ரவரி இருபத்தேழாம் திகதி, வியாழக்கிழமை, மத்தியானம் போய்விட்டார்.

உன் நம்பர் இருந்த துண்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்தச் சட்டையோடுதான் அடக்கம் செய்தோம். மண் போட்ட பிறகுதான் எனக்கு அது நினைவு வந்தது. வெளிநாட்டுக்குத் தந்தி அடிக்க ரத்தினபுரிக்குப் போக வேண்டும் என்றார்கள். போயிருக்கலாம். போகவில்லை. உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் போட்டேன்.

ஆறாம் திகதி காலையில் ஹபீலா மூச்சிரைக்க ஏறி வந்தாள். அன்று அப்பாவின் எட்டாம் நாள் காரியம். கட்டிலை வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் தூக்கிப் போட்டிருந்தோம், கல் ஆறும் உள்ளே சுவரோரம் கிடந்தன. அவளுக்கு ஒன்றும் தெரியாது. "கட்டிலுக்குக் கீழ இருக்கிற கல்லை எடுக்கச் சொன்னாங்க உங்க தங்கச்சி, தலைய ஒசத்தி வைக்கட்டாம்" என்று சொல்லிவிட்டு ஆட்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. பதினெட்டாம் திகதி வந்த உன் கடிதம் விளக்கம்தான் சொன்னது.

கடைசி நாளைப் பற்றி நீ கேட்பாய். நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். அது பதின்மூன்றாம் நாள். நான் வெட்டுக்குப் போகும்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "லதா, கல்லை எடுத்துரு தாயி, நான் சந்திக்கு வரல" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் இருபத்தொம்பது நாளுதாம்பா. கலா எழுதியிருக்கா" என்றேன். பிடித்த கையை விரல் விரலாக எடுத்துவிட்டுப் போனேன். பிறகு சின்னம்மாவிடம் கேட்டிருக்கிறார். அவர், "லதா ஏசும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியிருக்கிறார். நான் பால் நிறுத்துவிட்டு வந்தபோது வாயில் நுரை, இளஞ்சிவப்பாக. கண் என்னைத்தான் பார்த்தது. ஓடிப்போய்த் தலையைத் தூக்கினேன். தூக்கிய கையிலேயே போய்விட்டார். கால் இரண்டும் அவ்வளவு அழகாக இருந்தன கலா, வீக்கமே இல்லை.

லாபிர் ஐயா மறுநாள் வந்தார். கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் கடிதம் வந்ததும் சின்னம்மா, "தங்கச்சி தூரத்துல இருக்கு, பச்சப் புள்ளக்காரி. போன் வந்தோடன கல்ல எடுத்துட்டோம், அதுக்குப் பொறகு ரெண்டு நாளு இருந்துதான் நல்லபடியாப் போனாருன்னு எழுதிப் போடு" என்றார். நான் அப்படியே எழுதினேன். மூன்று பக்கம். திகதியைக்கூட மாற்றிப் போட்டேன். தபால் பெட்டி வரை கொண்டு போனேன்.

போடவில்லை. கிழித்துவிட்டேன். உன் மேல் கோபத்தில் இல்லை. கோபம் இருக்கிறது, அது வேறு. அந்தக் கடிதத்தைப் போட்டிருந்தால் நீ அழுது தீர்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவாய். பிறகு இது எனக்கு மட்டும் சொந்தமாகிவிடும். நான் தனியாக இதைத் தூக்க மாட்டேன் கலா. எனக்கு அவ்வளவு பலம் இல்லை.

ஆறு கல். வாசித்து அடுக்கியது நான். எழுதியது நீ. மூன்று உனக்கு, மூன்று எனக்கு.

ஏப்ரலில் வருவதும் வராததும் உன் இஷ்டம். பதில் மட்டும் போடு.

பிரேமலதா


பிரான்ஸ்
06.04.1997

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் முதலாம் திகதி கிடைத்தது. அதுவரை ஹபீலா கடைக்கு எத்தனை தரம் எடுத்தும் லைன் கிடைக்கவில்லை. பிரதீபன் வாசித்துவிட்டு, "அக்கா இதை எழுதாமல் இருந்திருக்கலாம்" என்றார். நான் இல்லை என்றேன். ஐந்து நாளாகப் பேனையைத் தொட முடியவில்லை. நேற்று எழுதத் தொடங்கி, "அன்புள்ள அக்கா" என்று எழுத வெட்கமாக இருந்ததால் நிறுத்திவிட்டேன்.

அந்தப் பன்னிரண்டு பேரும் போன மாதமே எழும்பிவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு பேர் கக்கத்தில் பிடித்து நிறுத்தினார்கள். ஒருவன் மயங்கி விழுந்தான். மற்றவர்கள் தள்ளாடித் தள்ளாடி நாலடி வைத்ததும் டொக்டர்மார் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். அப்போது அப்பா போய் இரண்டு நாள். எனக்குத் தெரியாது, நான் சாப்பிட்டேன்.

அடுத்த ஆட்கள் வரும்வரை அறைகள் காலி. உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நாலாம் நம்பர் அறையைப் பூட்டிக்கொண்டு அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தேன். ஸாஹிராவைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். என்ன கெஞ்சினாலும் தலையைத் தூக்கிவிடாதே, நான் சொல்லும்போது தூக்கு என்று நானே குழப்பமாகச் சொன்னேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணுக்குப் பின்னால் யாரோ அழுத்துகிற மாதிரி. மூக்கு அடைத்தது. கழுத்தில் நரம்பு துடிப்பது காதுக்குள் கேட்டது. எனக்கு நல்ல இருதயம் அக்கா, நல்ல சுவாசப்பை. இருபத்தேழு வயது. பதினைந்து நிமிடம்தான் இருக்க முடிந்தது. "போதும்" என்றேன். ஸாஹிரா உடனே தூக்கிவிட்டாள். அப்பா பதின்மூன்று நாள் போதும் போதும் என்று சொல்லியிருக்கிறார்.

வெளியே வரும்போது மேற்பார்வைக்காரி பார்த்துவிட்டாள். வேலை போய்விட்டது. போகாவிட்டாலும் அந்தத் தரையை இனி என்னால் துடைக்க முடியாது.

என் மூன்று கல்லை வாங்கிக்கொண்டேன். நீங்கள் அந்தப் பொய்க் கடிதத்தைப் போட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன். நம்பிச் சந்தோஷமாக ஊருக்கு வந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, அக்கா ஏன் என்னோடு பேச மாட்டேன் என்கிறாள் என்று தெரியாமலே திரும்பியிருப்பேன். உங்கள் கோபத்தையும் எழுதுங்கள். அதைத்தான் நான் இப்போது எதிர்பார்க்கிறேன்.

டிக்கெட்டை மாற்றவில்லை. இருபத்தாறாம் திகதி, நானும் சசியும். கொழும்பில் இருந்து காலை பஸ் எடுத்தால் பதினொரு மணிக்குள் சந்தியில் இறங்குவோம். அப்பாவின் படத்தைப் பார்த்து அவள் இப்போது ஒளிவதில்லை. தாத்தா சந்தியில் நிற்பார் என்று ஜனவரியில் இருந்து சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் மாற்றிச் சொல்லவில்லை.

நீங்கள் வந்து நில்லுங்கள் அக்கா. என்னோடு பேசக்கூட வேண்டாம், பிள்ளையை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். பஸ் ஐந்து நிமிடம்தான் நிற்கும். உங்களைக் காணவில்லை என்றால் நான் இறங்க மாட்டேன், அதே பஸ்ஸில் ரத்தினபுரிக்குப் போய் அங்கிருந்து திரும்பிவிடுவேன்.

கலா